எந்தக் கங்காணி ஆள்

அவர் யாருடனும் சேர்ந்து நடக்கமாட்டார். எதிரே ஆள் வந்தால் பாதையை விட்டு இறங்கி, ரப்பர் மரங்களுக்கிடையே இன்னொரு மரம்போல நிற்பார். பின்னாலிருந்து யாராவது வந்து சேர்ந்துகொண்டால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுவார். "நீங்க போங்க, நான் மெதுவா வர்றேன்" என்பார். அவர்கள் வளைவில் மறைந்த பிறகுதான் எழுந்திருப்பார். மற்றவர்களுக்கு முதுகைக் காட்டாமல் நடக்கிற மனிதனிடம் மறைக்க ஏதோ இருக்கிறது என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஜப்பான்காரன் காலம் அது. யாரைப் பார்த்தாலும் முதலில் சந்தேகம் வரும், பிறகுதான் முகம் தெரியும்.

இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். அன்று தோட்டத்தில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. 'ஒத்தையாளு' என்றார்கள். 'அவன் மறுபடியும் வந்துட்டான்' என்றார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. கேட்டதில்லை. ஆனால் ஒரு பெயரை அவருக்குக் கொடுத்தவன் நான்தான்.

எங்கள் தோட்டம் ரந்தாவுக்கும் கோலா சாவாவுக்கும் நடுவில் இருந்தது. சிரம்பானில் ஆங்கிலப் பள்ளியில் படித்து முடித்து, தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணியாகச் சேர்ந்திருந்தேன். சண்டை வந்ததும் துரை தன் நாயைச் சுட்டுப் புதைத்துவிட்டு, காரில் சிங்கப்பூர்ப் பக்கம் போய்விட்டார். பெரிய கிராணி உடம்பு சரியில்லை என்று வீட்டோடு படுத்துக்கொண்டார். ரப்பரை வாங்க ஆளில்லை. பாதி மரங்களை வெட்டி மரவள்ளி நட்டோம். ஆனால் பெரட்டு மட்டும் நிற்கவில்லை. விடியும் நேரத்தில் ஆட்களை மைதானத்தில் வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைத்தான் பெரட்டு என்போம். ரப்பர்ப் பால்வெட்டு இல்லாவிட்டாலும், தோட்டத்தில் எத்தனை ஆண்கள் இருக்கிறார்கள் என்பது ஜப்பான்காரனுக்குத் தெரியவேண்டியிருந்தது. பெயர் கூப்பிடுகிற வேலை என்னுடையது.

பெயரை மட்டும் கூப்பிடுவதில்லை. 'வீரன், சின்னக்கண்ணுக் கங்காணி ஆள்' என்று கங்காணியையும் சேர்த்துத்தான் கூப்பிடவேண்டும். ஊரிலிருந்து எங்கள் ஆட்களைக் கப்பலேற்றிக் கூட்டிவந்த கங்காணிகளில் பாதிப்பேர் அப்போது செத்துப்போயிருந்தார்கள். ஆனாலும் அவர்கள் பெயர் ஆட்களின்மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. புதிதாக ஒருவன் தோட்டத்துக்குள் வந்தால் அவன் பெயரையோ ஊரையோ முதலில் கேட்கமாட்டார்கள். 'எந்தக் கங்காணி ஆளு?' என்றுதான் கேட்பார்கள். பெண் கொடுப்பதற்கும், அடிதடியில் பரிந்து பேசுவதற்கும் அந்தப் பதில் வேண்டும். சொந்தபந்தம் இல்லாத ஒருவன் செத்தால், அவனுடைய கங்காணியோ கங்காணியின் மகனோதான் கொள்ளி வைத்துக் காரியம் செய்யவேண்டும். கங்காணி இல்லாதவன் என்றால், செத்தால் கேட்க ஆளில்லாதவன் என்று பொருள்.

அவர் முதன்முதலாக எங்கள் தோட்டத்துக்கு வந்தபோது மண்டோர் அவரைத் தண்ணீர்க் குழாயருகே பிடித்துக்கொண்டார். மண்டோர் என்றால் வெளிக்காட்டில் ஆட்களை மேய்க்கிறவர். பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல்.

"எந்தக் கங்காணி ஆளுடா நீ?"

"என் காலோட ஆளு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பால்வெட்டுக்காரன் காளிமுத்துவுக்கு வாய் சும்மா இருக்காது. "காலு ரெண்டாச்சே லா. வலது கங்காணி வான்னு, இடது கங்காணி வராதேன்னா என்னா செய்வே?"

"உக்காந்துருவேன்."

அவர் சிரிக்கவில்லை. மண்டோருக்கு அதுதான் பிடிக்கவில்லை. கேலிக்குச் சிரிக்காதவனை எங்கே வைப்பது என்று எங்களுக்குத் தெரியாது.

ஐம்பது வயதிருக்கும். முழங்காலுக்குமேல் கட்டிய சாக்குத் துணி. அந்தக் காலத்தில் எங்களில் பலருக்கும் அதுதான் உடுப்பு. தோளில் ஒரு தகரக் குவளை தொங்கும். பாதங்கள் மட்டும் உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரியவை, விரல்கள் விசிறிபோல விரிந்தவை. கிட்டே வந்தால் புகையும் வியர்வையும் சேர்ந்து ஒரு நெடி. ஓர் இடத்தில் ஓரிரு நாள் இருப்பார். ஆட்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தில் யார் வீட்டிலும் படுக்கமாட்டார். முன்பு ரப்பர்த் தாள் உலர்த்திய பழைய புகைவீட்டின் பின்சுவரோரம் அவராகவே கிழங்கைச் சுட்டுத் தின்பார். பிறகு காணாமல் போவார். லிங்கியில் பார்த்தோம், மம்பாவில் பார்த்தோம் என்று யாராவது வந்து சொல்வார்கள்.

எங்கிருந்து வந்தவர் என்று கேட்டவர்களுக்கெல்லாம் வேறு வேறு பதில் கிடைத்தது. என் தாயாரிடம், ஜொகூரில் அப்பனோடு காடு வெட்ட வந்ததாகச் சொன்னார். காளிமுத்துவிடம், கப்பலில் சமையற்காரனாக இருந்ததாகச் சொன்னார். மண்டோரிடம், மலாக்காவில் ஒரு பூசாரியின் மகன் என்றார். மூவரும் ஒருநாள் கிணற்றடியில் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டார்கள். அன்று மாலைக்குள் அவர் பொய்யர் என்பது லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. பொய் சொல்கிறவன் சும்மா சொல்வானா?

எந்தத் தண்ணீரையும் முதலில் குனிந்து மோந்து பார்ப்பார். பிறகு ஒரு வாய் எடுத்து, வாயிலேயே வைத்திருந்து, மெதுவாக விழுங்குவார். கோலா சாவா ஓடையில் துருப்பிடித்த ஆணியின் ருசி என்பார். போர்டிக்சன் பக்கத்துத் தென்னந்தோப்புக் கிணறு முதலில் இனிக்கும், போகும்போது கரிக்கும் என்பார். இன்னும் குடிக்காத தண்ணீர் எத்தனையோ இருக்கிறது என்று ஒருமுறை சொன்னார். தண்ணீரைப் பற்றி இவ்வளவு யோசிப்பவன் எதற்காக யோசிக்கிறான்?

அவரால் எங்களுக்கு நன்மையும் இருந்தது. உப்பு கிடைக்காத காலம். கஞ்சியை உப்பில்லாமல் குடித்து நாக்கு மரத்துப்போயிருந்தது. அவர் போர்டிக்சன் கடற்கரையில் கடல்நீரைக் காய்ச்சி எடுத்த அழுக்கு உப்பை வாழை இலையில் மடித்துக் கொண்டுவருவார். கேட்காத வீட்டின் வாசலில் வைத்துவிட்டுப் போவார். கேட்ட வீட்டுக்குத் தரமாட்டார். என் தாயார் அந்த உப்பை எடுத்துக் கஞ்சியில் போடுவார். போட்டுக்கொண்டே, "இவ்வளவு தூரம் வழியில எந்த ஜப்பான்காரனும் இவன மட்டும் நிறுத்தாம எப்படி உட்றான்?" என்பார். நாங்கள் அந்தக் கஞ்சியைக் குடித்துக்கொண்டே தலையாட்டுவோம்.

நிறுத்தாமல் இல்லை. ரந்தாவ் சாலையில் ஒரு ஜப்பான் சிப்பாயோடு அவர் நின்று பேசியதை எங்கள் ஆட்கள் பார்த்தார்கள். சிப்பாய் அவருக்கு ஒரு சிகரெட் கொடுத்தானாம். அதற்குச் சில வாரம் கழித்து, ஜப்பான்காரனை எதிர்த்த சீனக் கெரில்லாக்கள் இருந்த மேட்டுக்காட்டிலிருந்து அவர் இறங்கி வருவதை வேறு சிலர் பார்த்தார்கள். இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்பதுதான் எங்களுக்குள் வாக்குவாதம். இரண்டு பக்கமும் இல்லாமல் ஒருவன் இருக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை.

லயத்தில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது எல்லாரும் கிணற்றைப் பார்த்தார்கள். பிறகு புகைவீட்டைப் பார்த்தார்கள். மண்டோரும் இன்னும் சிலரும் அவரை இழுத்துவந்து கிணற்றுச் சுவரில் சாய்த்து அடித்தார்கள். நான் ஆபீஸ் சன்னலில் நின்றுகொண்டிருந்தேன்.

"கெணத்துல என்னாடா போட்டே?"

"ஒண்ணும் போடல."

"அப்ப குடி. முழு வாளியும் குடி."

அவர் வாளியைத் தூக்கி மோந்து பார்த்தார். அந்த நிலைமையிலும் மோந்து பார்த்தார். நிறுத்தி நிறுத்தி முழுவதையும் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "தண்ணியில ஏதோ செத்துக் கெடக்கு. எறங்கிப் பாருங்க" என்றார். இறங்கிப் பார்த்தார்கள். அழுகிய பெருச்சாளி ஒன்று கிடைத்தது.

அதோடு சந்தேகம் தீர்ந்திருக்கவேண்டும். தீரவில்லை. "பாத்தியா? அவனுக்கு எப்படித் தெரிஞ்சிச்சு?" என்றார் மண்டோர். எல்லாரும் ஆமாம் என்றார்கள். நானும் எனக்குள் ஆமாம் என்றேன்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். துரையின் பங்களாச் சாவி என்னிடம் இருந்தது. அவருடைய அலமாரி நிறைய பயணப் புத்தகங்கள். தனியாகப் பாலைவனம் கடந்தவர்கள், பனிமலையில் ஆளரவமில்லாமல் மாதக்கணக்கில் அலைந்தவர்கள், பெயர் தெரியாத ஆறுகளைத் தேடிப் போனவர்கள். வேலையில்லாத மதியங்களில் துரையின் சாய்வு நாற்காலியில் படுத்து அவற்றைப் படித்தேன். மரவள்ளிக்கும் பெரட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்த எனக்கு அந்த மனிதர்கள்மேல் பெரிய மோகம். தனிமையைத் தாங்குகிறவன்தான் வீரன் என்று நினைத்தேன். ஒரு நாள் நானும் அப்படிப் போவேன் என்று சொல்லிக்கொண்டேன். புத்தகத்தை மூடிவிட்டுச் சன்னல் வழியே பார்த்தால், புகைவீட்டின் பின்னால் அவர் தனியாகக் குந்தியிருப்பார். எனக்கு அருவருப்பும் பயமும்தான் வந்தன.

ஒருநாள் மழைக்கு ஒதுங்கிப் பங்களா வராந்தாவின் விளிம்பில் நின்றார். உள்ளே வரவில்லை. நான் நாற்காலியிலிருந்தபடியே விசாரித்தேன். கிராணி என்ற அதிகாரம் எனக்கு.

"எதுக்கு இப்படி நடந்துகிட்டே இருக்கீங்க?"

"ஒரு எடத்துல இருந்தா எல்லாரும் ஏதாச்சும் கேட்டுக்கிட்டே இருக்காங்க தம்பி. நீ இப்ப கேக்குற மாதிரி."

தோட்டத்தில் எல்லாரும் என்னை ஐயா என்பார்கள். அவர் ஒருவர்தான் தம்பி என்பார். அது எனக்கு உறுத்தும். அவர் என் மடியிலிருந்த புத்தகத்தைக் காட்டி, "அதுல என்னா இருக்கு?" என்றார். ஒரு வெள்ளைக்காரர் தன்னந்தனியாக ஒரு பெரிய பாலைவனத்தைக் கடந்த கதை என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"தண்ணி?"

"ஒட்டகத்துல கொண்டு போனாரு."

"ஒட்டகத்த யாரு ஓட்டுனது?"

"கூலிக்காரங்க. பத்துப் பதினஞ்சு பேரு."

"அப்பொறம் என்னா தம்பி தனியா?"

இதற்கும் அவர் சிரிக்கவில்லை. மழை விடும் முன்பே இறங்கிப் போய்விட்டார். நான் அந்தப் புத்தகத்தை அன்று மேற்கொண்டு படிக்கவில்லை. அவர்மேல் எனக்கு இருந்தது வெறும் சந்தேகம் மட்டுமல்ல என்று இப்போது தெரிகிறது. அந்தக் கோபத்துக்குச் சந்தேகம் என்று பெயர் வைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

சயாமுக்கு ரயில்பாதை போட ஆள் வேண்டும் என்று முதலில் நல்ல வார்த்தை சொல்லித்தான் கூட்டிப்போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை. அடுத்தமுறை நல்ல வார்த்தை இல்லை. இரண்டு ஆண்கள் இருக்கிற வீட்டிலிருந்து ஒருவர் வரவேண்டும், பெரட்டில் பெயர் கூப்பிடும்போது லாரியில் ஏறவேண்டும் என்று உத்தரவு வந்தது. ஆள் குறைந்தால் பெயர் கூப்பிடுகிறவன் ஏறவேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனான் சிப்பாய்களோடு வந்த மொழிபெயர்ப்பாளன்.

எங்கள் வீட்டில் இரண்டு ஆண்கள். நான், என் தம்பி சுந்தரம். பட்டியலில் இருந்தது அவன் பெயர். அவனுக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். மனைவி முழுகாமல் இருந்தாள்.

என் தாயார் அழவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாருக்கும் பேரு கூப்புடுற ஆளு நீ. ஒன் தம்பி பேரக் கூப்புட ஒனக்கு வாய் வருமாடா?" என்றார்.

அன்று பிற்பகல் அவர் வந்தார். நொண்டிக்கொண்டு வந்தார். வலது கணுக்காலுக்கு மேல் உள்ளங்கை அகலத்துக்குப் புண். அந்தக் காலத்தில் பாதிப்பேருக்குக் காலில் புண் இருந்தது. சத்தில்லாத உடம்பில் ஒரு கீறல் பட்டால் போதும். அவர் ஆபீஸ் படிக்குக் கீழே நின்று, முதன்முதலாக என்னிடம் ஒன்று கேட்டார்.

"தம்பி, இதுக்கு மருந்து இருக்குமா?"

இருந்தது. மருந்து கட்டுகிற தோட்டத்து டிரெஸ்ஸர் விட்டுப்போன மஞ்சள் மருந்துத் தூள் ஒரு டப்பாவில் என் மேசை இழுப்பறையில் இருந்தது. கையை நீட்டினால் எடுத்திருக்கலாம்.

அப்போது என் மனதில் என்ன ஓடியது என்று பிற்காலத்தில் பலவிதமாக எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். குழம்பிப்போயிருந்தேன் என்று, பயத்தில் வாய் தவறி வந்துவிட்டது என்று. எதுவும் உண்மையில்லை. அவர் காலைப் பார்த்தேன். யாருக்கும் வேண்டாத ஆள் என்று நினைத்தேன். உளவாளியாக இருந்தால் தோட்டத்துக்கே நல்லது என்றும் நினைத்தேன். பிறகு பேசினேன்.

"நாளைக் காலையில பெரட்டுக்கு வாங்க. சிரம்பான்லேருந்து டிரெஸ்ஸர் வர்றாரு. வரிசையில நின்னாத்தான் மருந்து போடுவாங்க."

"கூட்டத்துல நிக்கணுமா?"

"கொஞ்ச நேரந்தான்."

அவர் யோசித்தார். தன் காலைப் பார்த்தார். "எனக்கு இஷ்டமில்ல. கங்காணி போன்னு சொல்றாரு" என்றார். அது கேலி என்று எனக்குப் புரிவதற்குள் திரும்பி நடந்துவிட்டார். ஒவ்வொரு தண்ணீரையும் மோந்து பார்க்கிற மனிதர் என்னை மோந்து பார்க்கவில்லை.

சுந்தரத்தை வெளிச்சம் இருக்கும்போதே மரவள்ளிக் காட்டின் மறுகோடிக்கு அனுப்பிவைத்தேன். பெயரைக் கூப்பிடும்போது யாரும் வாய் திறக்கக்கூடாது என்று மண்டோரிடம் மட்டும் சொன்னேன். "அதுக்கென்னா ஐயா, சனியன் தொலையட்டும்" என்றார்.

காலையில் லாரி நின்றது. துப்பாக்கியோடு சிப்பாய்கள் நின்றார்கள். டிரெஸ்ஸர் இல்லை என்பதை அவர் வந்த உடனே பார்த்திருப்பார். ஆனாலும் வரிசையின் கடைசியில், பக்கத்து ஆள்மேல் படாமல் ஓர் அடி தள்ளி நின்றார். நான் பெயர்களைக் கூப்பிட்டேன். ஒவ்வொருவராக ஏறினார்கள். காளிமுத்து ஏறினான். அவனுடைய அண்ணன் வரிசையில் தலைகுனிந்து நின்றான்.

"சுந்தரம், சின்னக்கண்ணுக் கங்காணி ஆள்."

யாரும் அசையவில்லை. மைதானம் முழுக்க எங்கள் ஆட்கள். சுந்தரத்தைத் தூக்கி வளர்த்த பெண்கள், அவன் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர்கள். ஒரு வாயும் திறக்கவில்லை. மண்டோர் அவர் பின்னால் போய் முதுகில் கை வைத்துத் தள்ளினார்.

"ஏறுடா சுந்தரம்."

"அது யாரு பேரு?" என்றார் அவர். மண்டோரிடம் கேட்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார். பிறகு, "தம்பி, மருந்து?" என்றார்.

"லாரியில போடுவாங்க" என்றேன்.

சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் அவர் முதுகில் இடித்தான். லாரியில் இடமே இல்லை. ஆட்களோடு ஆட்களாக அவரை உள்ளே திணித்துப் பலகையைத் தூக்கி மாட்டினார்கள். மஞ்சள் மருந்து டப்பா அப்போது என் கால்சட்டைப் பையில் இருந்தது. கொடுக்கலாமா என்று நினைத்து எடுத்துவந்திருந்தேன். மொழிபெயர்ப்பாளன் பார்ப்பானே என்று கொடுக்கவில்லை.

தோட்டத்தில் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. சின்னக் கிராணி மூளைக்காரர் என்றார்கள். என் தாயார் எனக்குத் தட்டில் சோறு வைத்தார். அன்று அரிசிச் சோறு. எங்கிருந்து கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒன்றைக் கவனித்தேன். நான் நடந்து வந்தால் எதிரே வருகிறவர்கள் பாதையை விட்டு இறங்கி நின்றார்கள். மரியாதை என்று முதலில் எடுத்துக்கொண்டேன். நான் பின்னால் வந்து சேர்ந்தால் பேச்சை நிறுத்தினார்கள். தலைச்சுமையை இறக்கி வைத்தார்கள், நான் கடந்துபோகும்வரை. ஒரு பெயருக்கு இன்னொரு ஆளை ஏற்றத் தெரிந்தவன் நாளைக்கு யாரை ஏற்றுவானோ? அந்தச் சந்தேகத்தில் தப்பில்லை. புத்தகங்களில் நான் ஆசைப்பட்ட தனிமை எனக்கு அப்படித்தான் கிடைத்தது. பங்களாவுக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன்.

சண்டை முடிந்து சில மாதங்கள் கழித்துக் காளிமுத்து திரும்பி வந்தான். முதலில் யாரோ பிச்சைக்காரன் என்று நினைத்தேன். முகத்தில் வாய் மட்டும்தான் பழையதாக இருந்தது. ஆபீஸ் படியில் உட்கார்ந்துகொண்டான். நான் கேட்பதற்கு முன்பே ஆரம்பித்தான்.

"ஒத்தையாளப் பத்தித்தானே கேக்கப்போறீங்க?"

நான் இறங்கிவந்து படியோரம் நின்றேன்.

"சரக்கு வண்டியில அடச்சி ஏத்துனானுங்க ஐயா. மூச்சு விட எடமில்ல. அவன் கதவுச் சந்துல மூக்க வச்சிக்கிட்டே வந்தான். புண்ணுக் காலத் தூக்கிக்கிட்டு ஒத்தக் கால்லயே நின்னான். அங்க போயும் கொட்டாயில படுக்கமாட்டான். மழையில போயி மரத்தடியில கெடப்பான். சுந்தரம் சுந்தரம்னு கூப்புடுவானுங்க. திரும்பியே பாக்கமாட்டான். அதுக்கே நெறைய ஒத."

"புண்?"

"அது மேல ஏறிக்கிச்சு. அங்க ஏது மருந்து? மொழங்காலோட அறுத்துட்டாங்க." காளிமுத்து தன் முழங்காலைத் தடவிக்கொண்டான். "அப்பொறம் எங்களோடதான் கெடந்தான். எழுந்து போக முடியாதில்ல. ரெண்டு பக்கமும் ஆளு, நடுவுல அவன். ஒரு நாளு, சிரிக்க வைக்கலாமேன்னு பழைய பேச்ச எடுத்தேன். 'இப்ப எந்தக் கங்காணி ஆளுய்யா நீயி?'ன்னு கேட்டேன்."

"என்னா சொன்னாரு?"

"'காலுதான் போயிருச்சே. இனிமே நான் சின்னக் கிராணி ஆளு'ன்னான்."

"கோபமாச் சொன்னாரா?"

"இல்ல ஐயா. பெரட்டுல பதில் சொல்லுவோமே, அந்த மாதிரி சொன்னான். மறுநா காலையில பேச்சில்ல. வாரி எடுத்துட்டுப் போயிட்டானுங்க."

அவர் யாருக்காவது உளவு சொன்னதாக அங்கே பேச்சு வந்ததா என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்லமாட்டானா என்று ஏங்கினேன். "அத யாரும் கேக்கல. கேட்டு என்னா ஆகப்போகுது?" என்றான் காளிமுத்து. இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தச் சிகரெட் எதற்கு, மேட்டுக்காட்டில் என்ன வேலை என்று தெரியாது. தெரிந்தாலும் எனக்கு ஆறுதலாக ஒன்றும் இருக்காது. நான் அவரை ஏற்றியது உளவாளி என்பதற்காக அல்ல.

சுந்தரம் போன வருடம் லோபாக்கில், மகன் வீட்டில் இறந்தான். பிள்ளைகள், பேரன்கள் என்று நிறைந்த வாழ்க்கை. அவன் ஒரே ஒரு முறைதான் அதைப் பற்றிப் பேசினான். முதல் மகன் பிறந்த அன்று வந்து நின்று, "அண்ணே, அந்த ஆளு பேரு என்னா?" என்றான். தெரியாது என்றேன். திரும்பிப் போய்விட்டான்.

அவன் சாம்பலைக் கரைக்கப் போர்டிக்சன் கடற்கரைக்குப் போனோம். காரியம் முடிந்ததும், அதைச் செய்துவைத்த பண்டாரத்திடம் இன்னொரு பிண்டம் பிடித்துக் கொடுக்கச் சொன்னேன். சின்ன வயதுப் பண்டாரம். வெயில் ஏறுகிறது என்ற அவசரம் அவருக்கு.

"யாருக்குங்க ஐயா?"

"ஒருத்தருக்கு. முன்னாடியே செஞ்சிருக்கணும்."

"பேரு?"

"தெரியாது."

"பேரில்லாம எப்படிங்க? சரி, நீங்க அவருக்கு என்னா ஒறவு?"

தம்பி மகன்கள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வயதானவருக்கு வெயிலில் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

"நான் அவருக்குக் கங்காணி" என்றேன்.

பண்டாரத்துக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. தோளைக் குலுக்கிவிட்டு எள்ளையும் சோற்றையும் சேர்த்துப் பிசைந்து இலையில் வைத்துக் கொடுத்தார். நான் அதை வாங்கிக்கொண்டு தண்ணீரை நோக்கி நடந்தேன். மணலில் கால் புதைந்தது. மூத்தவன் ஓடிவந்து என் கையைப் பிடித்தான். இளையவன் இந்தப் பக்கம் வந்தான்.

கையை விடுவித்துக்கொண்டேன். அவருக்குக் கூட்டம் ஆகாது.

"நீங்க போங்க" என்றேன். "நான் மெதுவா வர்றேன்."